மறதி, மனச்சோர்வு, மாத்திரைப் பை: வயசானவர்களுக்கு அரசு தருவது என்ன?

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தாவின் மஞ்சப்பையை ஒருநாள் பாயில் கொட்டிப் பார்த்தோம். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, தூக்கம் என்று வகைவகையாக அட்டைகள். அதில் ஒரே பிரஷர் மருந்து இரண்டு பெயரில் இருந்தது, இரண்டு டாக்டர்கள் எழுதியது. இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். "எந்திரிச்சா தலை கிறுகிறுங்குதுய்யா" என்று அவர் சொன்னதை வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டோம். உலையை வைத்துவிட்டு மறந்ததையும், பேச்சே இல்லாமல் திண்ணையில் கிடந்ததையும்கூட அப்படித்தான் விட்டோம். அது எங்கள் தப்பு.

மனச்சோர்வு வந்தாலே மறதியும் கூடவே வரலாம். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, சில தூக்க மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். இவற்றைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பையை அப்படியே கொண்டுபோய் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டப்படி 60 வயதானவர்களுக்கு அரசு மருத்துவமனையில் தனி வரிசை உண்டு. கேட்டு வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். கொண்டுவரும் அக்காவிடம் மறதி, தூக்கமின்மை பற்றியும் சொல்லிவையுங்கள்.

மனநலப் பிரிவு என்றதும் பலர் தயங்குகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநிலை, நினைவாற்றல் இரண்டின் கடுமையான பாதிப்பையும் நோயாகவே கணக்கில் எடுக்கிறது, அரசுச் செலவில் சிகிச்சை பெறும் உரிமையும் தருகிறது. பெரிய ஆஸ்பத்திரி வரை வர முடியாதவர்கள் முதலில் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசலாம். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும்.

அப்புறம், பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால் ஜீவனாம்சம் கேட்டு ஆர்டிஓவிடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுக்கலாம். மேலே சொன்ன 2007 சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை கிடைக்கும். மதுரை மாவட்டம் என்றால் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், இதில் உங்கள் ஊர் எந்தக் கோட்டமோ அங்கே போங்கள். பெரியவரால் வர முடியாவிட்டால் அவர் சம்மதித்து அனுப்பும் ஆளே மனுவைக் கொடுக்கலாம்.