பேரணியை விட ஒரு வரைபடம் மேல்

கல்வியாண்டு தொடங்கும் நேரத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் சேர்க்கைப் பேரணி நடக்கும். பதாகை, முழக்கம், வழியெல்லாம் துண்டறிக்கை. தப்பில்லை. ஆனால் பள்ளிக்கும் குடியிருப்புக்கும் நடுவே வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: முழக்கத்தைக் கேட்டுப் பிள்ளையைச் சேர்த்தவர்கள் குறைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளை தட்டுத்தடுமாறாமல் கதை வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். தவிர, உச்சி வெயிலில் ஆறு வயதுப் பிள்ளைகளின் கையில் பதாகையைக் கொடுத்து நடத்திச் செல்வது எனக்கு எப்போதும் உறுத்தும்.

"இந்தப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்பது ஆசிரியர் அறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. பெற்றோர் கூட்டத்தை வேலை நாளின் பிற்பகலில் வைத்தால் சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா கூலியை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அப்படியே வந்தாலும் நாற்காலி பிரமுகர்களுக்கு. இவர் சுவரோரம் நிற்பார். வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்க நேருமோ என்ற கூச்சம் வேறு. அதே கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு, தெருவிளக்கு எரியும் இடத்தில் பாய் விரித்துப் போட்டுப் பாருங்கள். தாத்தா பாட்டிகளும் சேர்ந்து வந்து உட்காருவார்கள். 1990களில் எழுத்தறிவைப் பரப்பிய அறிவொளி இயக்கம் கலைக்குழுக்களோடு தெருவுக்கு வந்ததும், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் மாலை நேர வகுப்பைக் குடியிருப்புக்குள்ளேயே நடத்தியதும் இதைத் தெரிந்துகொண்டுதான்.

அந்தப் பாயில் ஆசிரியர் பேசுவதைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை இரண்டு பக்கம் வாசிக்கட்டும். இன்னொன்று கடைக்குப் போய் வந்த கணக்கைச் சொல்லட்டும். முதல் வகுப்புப் பிள்ளை அம்மா பெயரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். நடனம் ஆண்டு விழாவுக்கு இருக்கட்டும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த செயல்பாடு தெரு வரைபடம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரோ தன்னார்வலரோ உடன்வரத் தங்கள் தெருக்களைச் சுற்றி நடந்து, பெரிய தாளில் வரைய வேண்டும். வீடு, மரம், குழாய் எல்லாம் வரும். நாம் எதிர்பாராததும் வரும்: மூடி இல்லாத சாக்கடை, நாய் துரத்தும் முனை, சாராயக் கடை இருப்பதால் பெண் பிள்ளைகள் சுற்றிப் போகும் சந்து. ஒரு பிள்ளை ஏன் மழை நாளில் மட்டும் வருவதில்லை என்பதற்கு வருகைப் பதிவேட்டில் பதில் இருக்காது, வரைபடத்தில் இருக்கும். யார் வீட்டுக்குள்ளும் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. சாதி, வருமானம் எதையும் கேட்கவைக்கக் கூடாது. வரைபடத்தில் பிள்ளைகளின் பெயரை எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடவும் கூடாது.

இந்த நடையில்தான் பள்ளிக்கு வராத பிள்ளைகளும் தெரியவருவார்கள். "அந்தத் தகரக் கொட்டகையில ஒரு அண்ணன் இருக்கான், ஸ்கூலுக்குப் போகமாட்டான்" என்று பிள்ளைகளே சொல்வார்கள். பெரும்பாலும் வேலை தேடி இடம்பெயர்ந்து வந்த குடும்பமாக இருக்கும். போய்க் கேட்டால் "பர்த் சர்ட்டிபிகேட் இல்லை, டி.சி. வாங்கவில்லை, பாதி வருஷம் போய்விட்டது" என்பார்கள். இந்த மூன்றுமே தடையில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. டி.சி. தாமதமானாலும் சேர்க்க வேண்டும், ஆண்டு நடுவே வந்தாலும் சேர்க்க வேண்டும். இதுவரை பள்ளிக்கே போகாத பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்காமல், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. துண்டறிக்கையில் அச்சடிக்க வேண்டியது இதைத்தான். "தரமான கல்வி, சிறந்த ஆசிரியர்கள்" என்பதை எல்லாப் பள்ளியும் அச்சடிக்கிறது.

வரைபடம் தயாரானதும் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அது போகவேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. உறுப்பினர்களில் பலருக்கே இது தெரியாது; கையெழுத்துப் போடக் கூப்பிடும் ஒரு குழு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வரைந்ததை நடுவில் விரித்துவைத்தால் பேச்சு தானாக வரும். சாக்கடைக்கு மூடி எப்போது போடுவார்கள் என்று கேட்கப் படிப்பு வேண்டியதில்லை.

மூடி, தெருவிளக்கு போன்றவை பள்ளியின் அதிகாரத்தில் இல்லை. ஊராட்சிப் பகுதி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடும் நாட்களில் குழுத் தலைவரான பெற்றோரே வரைபடத்தோடு போய்க் கேட்கலாம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். கூட்டம் முடிவதற்குள் தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் "எந்தச் சாக்கடை?" என்று யாரும் தட்டிக்கழிப்பது கடினம்.