2,200 சுற்றில் முடிவாகும் இன்ஜின்

1972-ஆம் ஆண்டு செவ்ரோலே சி-10 பிக்கப் டிரக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இன்றும் ஆசை ஆசையாய்ப் பராமரிக்கப்படும் வண்டி. அதன் பழைய வி8 இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது, புகை தள்ளுகிறது. மாற்று இன்ஜின் ஒன்றைக் கட்டியாக வேண்டும். எது? இந்தக் கேள்வி வந்ததும் பெரும்பாலோர் குதிரைத்திறன் அட்டவணையைத் தேடி ஓடுவார்கள். நான் டயரிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

டயரின் விட்டம் 28 அங்குலம். வண்டி 60 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு 97 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 720 முறை சுற்றும். பின் அச்சின் கியர் விகிதம் 3.08 என்று வைப்போம். மூன்று கியர் கொண்ட பழைய ஆட்டோமேட்டிக்கில் கடைசி கியர் நேரடி இணைப்புதான். ஆகவே 720-ஐ 3.08-ஆல் பெருக்கினால் இன்ஜினின் சுற்று வந்துவிடும்: சுமார் 2,200. நெடுஞ்சாலையில் இந்த வண்டியின் வாழ்க்கை அங்கேதான்.

இதே வண்டிக்கு 6,000 சுற்றில் 400 குதிரைத்திறன் தரும் இன்ஜினைக் கட்டினால்? கடைசி கியரில் 6,000 சுற்றை எட்ட வண்டி மணிக்கு 260 கி.மீ. வேகத்தில் பறக்க வேண்டும். முதல் கியரிலேயே பார்த்தாலும் அந்தச் சுற்று வரும்போது வேகம் நூறைத் தாண்டியிருக்கும். சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்புகிறவருக்கு அந்த 400-ஆல் ஒரு பயனும் இல்லை.

குதிரைத்திறன் என்பது பிறவி எண் அல்ல, பெருக்கி வருவது. பவுண்டு-அடியில் அளந்த முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் கிடைக்கும். சுற்றை ஏற்றினால் எண் ஏறும். ஆனால் "வண்டி நல்ல பிக்கப்" என்று நாம் சொல்கிறோமே, அது கீழ்ச் சுற்றிலேயே கிடைக்கும் முறுக்குவிசையைத்தான். (பழைய விளம்பரத் தாள்களின் எண்களைப் புதிய எண்களோடு ஒப்பிடவே கூடாது. 1972-க்கு முன்பு அமெரிக்கக் கம்பெனிகள் ஏர் ஃபில்டர், சைலன்சர் எதையும் மாட்டாமல் அளந்த கணக்கைத்தான் பெரும்பாலும் போட்டார்கள்.)

முறுக்குவிசை எந்தச் சுற்றில் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டதும் இன்லெட் வால்வு மூடிவிடும் என்றுதான் நினைப்போம். மூடாது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். ஏனென்றால் காற்றுக்கும் எடை உண்டு. குழாயில் வேகமாக ஓடி வரும் காற்று சட்டென்று நிற்காது. பிஸ்டன் திரும்பிய பின்னும் உள்ளே நெருக்கியடித்து நுழையும். மேல்சுற்றில் இது வரம். கீழ்ச்சுற்றிலோ காற்றுக்கு அந்த ஓட்டமே இல்லை. ஏறி வரும் பிஸ்டன், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் 'பெரிய' கேம் 2,200 சுற்றில் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

அதே கேமில் இன்னொரு சங்கடம். எக்ஸாஸ்ட் வால்வும் இன்லெட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடிவிடும். ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது) எரிந்த புகை இன்லெட் பக்கம் திரும்பிப் புகுந்து, இன்ஜின் "தடக்... தடக்" என்று குலுங்கும். அந்தச் சத்தத்தில் மயங்காதவர் குறைவு. ஆனால் அதோடு மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதியில்) வெற்றிடம் குறையும். பெடலை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது அந்த வெற்றிடத்தை நம்பித்தான். பிரேக் பெடல் கல்லாய் இறுகிப்போனால் சத்தத்தின் அழகு ஞாபகத்தில் நிற்காது.

இனி இன்ஜின்கள். செவ்ரோலேயின் சிறிய வி8 வகையான ஸ்மால் பிளாக்கில் 350 கன அங்குல இன்ஜின் (5.7 லிட்டர்) 1967-இல் வந்தது. போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48. பழைய பிளாக் கையில் கிடைத்தால் முதலில் சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் மேல் ஓரத்தில் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். பிஸ்டன் ரிங் தொடாத இடத்துக்கும் தொட்டுத் தேய்ந்த இடத்துக்கும் நடுவே ஒரு திட்டு இருக்கும். நகம் அதில் தடுக்கி நின்றால் ரீபோர் செய்யாமல், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்காமல் தீராது. வழக்கமாக 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர் பெரிதாக்குவார்கள்.

எப்படியும் ரீபோர் செய்கிறோமே, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கையும் மாற்றினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் 383. 4.030 அங்குல போரில் 400 கன அங்குல ஸ்மால் பிளாக்குக்குரிய 3.75 அங்குல ஸ்ட்ரோக்கைச் சேர்த்தால் 383 கன அங்குலம். வெளியே பார்த்தால் அதே 350 தான். உள்ளே, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் இடிக்காமலிருக்க பிளாக்கின் அடிப்பகுதியில் கொஞ்சம் செதுக்க வேண்டும். நீண்ட ஸ்ட்ரோக் நெம்புகோல்போல் முறுக்கைக் கூட்டுகிறது என்று பலர் சொல்வார்கள். அது பாதிக் கதை. முறுக்குவிசை முக்கியமாக மொத்தக் கொள்ளளவைப் பொறுத்தது. இங்கே கொள்ளளவு 9 சதவீதம் கூடுகிறது, முறுக்கும் ஏறத்தாழ அதே அளவில் கூடும்.

1996-இல் டிரக்குகளில் வந்த வோர்டெக் 350-ஐத் தேடச் சொல்வேன். 2,800 சுற்றிலேயே 330 பவுண்டு-அடி தரும். கேமின் மேல் உருளை உருண்டோடும் ரோலர் கேம் என்பதால், உரசி ஓடும் பழைய தட்டை டேப்பெட் கேமைப் போல முதல் இருபது நிமிடம் 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டிப் பழக்கும் பதற்றம் இல்லை. ஹெட்டின் காற்றுவழியும் அருமை. அதற்கென்று தனி இன்டேக் மேனிஃபோல்டு வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மற்றொரு வழி, 1999 முதல் டிரக்குகளில் வந்த 5.3 லிட்டர். எட்டு சிலிண்டர்களுக்கும் ஒரே மாதிரியான காற்றுவழி, சிலிண்டருக்கு ஒரு காயில், கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் எரிபொருள். எனவே சிறிய கொள்ளளவிலும் சளைக்காது. சிலிண்டர் மையங்களுக்கு இடையேயான தூரம் மட்டும் 1955-இன் முதல் ஸ்மால் பிளாக்கில் இருந்த அதே 4.40 அங்குலம்! ஆனால் இன்ஜின் விலையோடு செலவு நிற்காது. பழைய எரிபொருள் பம்ப் ஐந்தாறு பிஎஸ்ஐ அழுத்தம்தான் தரும்; இதற்கு 58 வேண்டும். புது பம்ப், வயரிங், கம்ப்யூட்டர், மவுண்ட், ஆயில் பேன் என்று பட்டியல் நீளும். தினமும் ஓட்டுகிறவர் இதை எடுக்கலாம். கார்பரேட்டரைத் தானே திருகிச் சரிசெய்வதில் இன்பம் காண்கிறவருக்கு வோர்டெக் போதும்.

எதை எடுத்தாலும், ஆர்டர் கொடுப்பதற்கு முன் கியரையும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். பழைய ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 2.52, பின் அச்சின் 3.08-உடன் பெருக்கினால் 7.8. ஓவர்டிரைவ் (இன்ஜினின் சுற்றைக் குறைக்கும் கடைசி கியர்) உள்ள 700ஆர்4 ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 3.06, அதோடு 3.73 அச்சு சேர்ந்தால் 11.4. அதே இன்ஜின், கிளம்பும்போது சக்கரத்தில் 47 சதவீதம் கூடுதல் முறுக்கு. 0.70 ஓவர்டிரைவில் அதே 97 கி.மீ. வேகத்துக்கு 1,880 சுற்று போதும். கேம் வாங்க வேண்டியது அந்த 1,880-ஐப் பார்த்துத்தான்.