கடைமடைக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

டெல்டாவில் கடைமடை என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியை நம்பித் தலைஞாயிறு விவசாயி விதைநெல்லை ஊறப்போட மாட்டார். தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரட்டும் என்றிருப்பார். குடிநீரில் குளோரினும் அப்படித்தான். நிலையத்தில் எத்தனை கிலோ கலந்தோம் என்பது மேட்டூர்க் கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 கேட்பது, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கிறதா என்பதை.

கொள்ளிடக் கரையில் ஒரு நகராட்சி. நாளுக்கு 1 கோடி லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 20 கிலோ குளோரின். 900 கிலோ குளோரின் அடைத்த டன்னர் எனும் பெரிய உருளை ஒன்று வந்தால் ஒன்றரை மாதம் ஓடிவிடும். ஆனால் நிலையத்தைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன. குளோரின் வாயு காற்றைப்போல இரண்டரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து வாசல் வழியே உள்ளே நுழையும். அதனால் குளோரின் தரும் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு, சுருக்கமாக ஹைப்போவுக்கு, மாறினார்கள். நானும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

மருந்தை அளந்து செலுத்தும் புது டோசிங் பம்ப், புது பேனல், திறப்பு விழா எல்லாம் நடந்தது. மே மாதம் கடைசித் தெருக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்தால் தண்ணீரின் நிறமே மாறவில்லை. பூஜ்யம். பம்ப் சரி, அளவும் சரி. ஹைப்போ கேன்கள் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன்: மேற்கு வெயில் நேராக விழும் தகரக் கொட்டகை. லேபிளில் குளோரின் 10 சதவீதம் என்றிருந்தது, டைட்ரேஷன் என்ற ஆய்வகச் சோதனையில் அளந்தால் 6-கூடத் தேறவில்லை. ஹைப்போ பால் மாதிரி, வைத்திருந்தால் கெடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடும். இதை ஆபரேட்டருக்கு யாரும் சொல்லவில்லை. டன்னரில் ஆறு மாதம் கிடந்தாலும் குளோரின் குளோரின்தான். அந்தப் பழக்கத்தில் அவர் லேபிளை நம்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இயந்திரத்துக்கு மதிப்பீடு போட்டபோது நிழலுக்குப் போடாத எங்களைத்தான் சொல்வேன்.

அப்புறம் செங்கல் சுவரும் காற்றோட்டமும் உள்ள அறை கட்டினோம். பத்து நாளைக்கு ஒரு லோடு, பழையது முதலில் செலவாக வேண்டும், வாரம் ஒருமுறை டைட்ரேஷன். இன்னொன்று: ஹைப்போவில் குமிழி உண்டாகும். உறிஞ்சு குழாயில் அது அடைத்துக்கொண்டால் பம்ப் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், மருந்து மட்டும் போகாது. சத்தத்தை நம்பாதீர்கள்.

மக்கள் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. “தண்ணியில மருந்து வாடை” என்று கவுன்சிலரிடமிருந்து ஒரு போன் வந்தால் போதும், அளவைக் குறைத்துவிடுவார்கள். பல நேரம் அந்த வாடை குளோரின் அதிகமானதால் வருவதில்லை. ஆற்றில் நீரோட்டம் குறைந்து சாக்கடை கலக்கும் நாட்களில் அமோனியா கூடும். 1 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனைத் தீர்க்க 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் பிடிக்கும். பாதியில் நிறுத்தினால் அமோனியாவும் குளோரினும் சேர்ந்து உண்டாகும் குளோரமினின் வாடைதான் மிஞ்சும். குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டிபிடி மாத்திரையைப் போட்டுப் பார்க்காமல் வால்வில் கை வைப்பது தப்பு.

உப்பிலிருந்து அங்கேயே ஹைப்போ தயாரிக்கும் கருவியைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்லதுதான். ஒரு கிலோ குளோரினுக்குச் சுமார் மூன்றரை கிலோ உப்பு, ஐந்து யூனிட் மின்சாரம். 0.8 சதவீதக் கரைசல் என்பதால் சீக்கிரம் கெடாது. வேதாரண்யம் உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று மட்டும் யாரும் குதிக்க வேண்டாம். உப்பளத்திலிருந்து நேராக வருவதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் மின்முனையில் படிந்து கருவியைத் தின்றுவிடும். சுத்திகரித்த உப்பும் கடினத்தன்மை நீக்கிய தண்ணீரும் வேண்டும். ஹைட்ரஜன் வெளியேற மேலே திறந்த வழியும் வேண்டும்.

கடைசியாக, நான் பயப்படுகிற ஒரு விஷயம். கலங்கலைத் தெளியவைக்க நிலையத்தில் சேர்க்கும் படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. ஹைப்போ தொட்டியில் அது விழுந்தால் அந்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். டன்னரை எந்த ஆபத்துக்காக விட்டோமோ, அது லாரி டிரைவர் தவறான குழாயில் ஹோஸை மாட்டினாலே வந்துவிடும். இரண்டு தொட்டிகளின் நிரப்பு வாய்களையும் வேறு வேறு அளவில் வைத்துவிட்டால் தப்பான ஹோஸ் பொருந்தவே பொருந்தாது. செலவு சில ஆயிரம் ரூபாய். டெண்டரில் அந்த வரி இல்லையென்றால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.