ஓடைத் தண்ணீர் ஆய்வகத்துக்கு வரட்டும்

சேலத்தைச் சுற்றிச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் நிறைய உண்டு. அதற்கு அரைக்கும் குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) லினமரின் என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. கிழங்கை அரைக்கும்போது அது உடைந்து சயனைடாகி, கழிவுநீரில் கலந்துவிடுகிறது. அந்தச் சயனைடு பட்டால் பச்சையாக ஒளிரும் பாக்டீரியாவை உருவாக்கப் போகிறோம் என்று இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் என்னிடம் வந்தார்கள். நம் ஊருக்கு வேண்டிய யோசனை. சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் குழுவில் இருந்த பெண் சொன்னாள்: "முடிச்சதும் ஆலைக்குப் பின்னாடி ஓடையில கொஞ்சம் ஊத்திப் பாத்துடலாம்னு இருக்கோம் மேடம்."

அந்த இடத்தில் அவர்களை நிறுத்தினேன்.

அவர்கள் எடுத்திருந்தது ஈ.கோலை பாக்டீரியாவின் கே-12 வகை. ஆய்வகத்தில் பல தலைமுறை வளர்ந்து பலவீனமாகிப்போன, நோய் தராத வகை. ஓடையில் அது அதிக நாள் தாக்குப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் நாம் வைத்த பிளாஸ்மிட் என்ற சிறிய டிஎன்ஏ வளையத்தில் ஒளிரும் மரபணுவோடு ஆம்பிசிலின் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் இருக்கிறது. பாக்டீரியா செத்தாலும் அந்த டிஎன்ஏ தண்ணீரில் இருக்கும் வேறு பாக்டீரியாக்களுக்குப் போய்ச் சேரக்கூடும். சட்டமும் தெளிவாக இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளின்படி, மரபணு மாற்றிய உயிரியை மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் வெளியில் விடக் கூடாது. ஒரு கரண்டி அளவு என்றாலும் அதேதான்.

அப்படியானால் சோதனை எப்படி? ஓடைத் தண்ணீரை மூடிய பாட்டிலில் ஆய்வகத்துக்குக் கொண்டு வாருங்கள். வடிகட்டி, அதிலுள்ள காட்டுக் கிருமிகளை நீக்கிவிட்டு உங்கள் பாக்டீரியாவோடு சேர்த்துப் பாருங்கள். அந்த மாதிரியில் மட்டும் அமிலம் சேர்க்காதீர்கள். சேர்த்தால் சயனைடு வாயுவாகக் கிளம்பும்.

வேலை தொடங்கும் முன்பே கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழுவுக்குத் திட்டத்தைத் தெரியப்படுத்த வேண்டும். ஆபத்து குறைந்த பிரிவுதானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

அப்புறம் கழிவு. வளர்த்த திரவத்தை அப்படியே சிங்க்கில் ஊற்றுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்கு ப்ளீச் சேர்த்து அரை மணி நேரம் வைத்த பிறகே ஊற்ற வேண்டும், இல்லையென்றால் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கருவியில், வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது. ப்ளீச் கலந்ததைச் சூடாக்கினால் நச்சு வாயு வரும்.

ஆட்டோகிளேவ் விஷயத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினோம். குக்கர் மாதிரியான சிறிய ஆட்டோகிளேவைக் கீழிருந்து எடுத்துப் போயிருந்தேன். சேலத்தில் செய்கிற மாதிரியே 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம். பாக்டீரியா எதுவுமே விதைக்காத வளர்ப்பு ஊடகக் குடுவைகள் மூன்றாம் நாள் காலை கலங்கிப் போயிருந்தன, உள்ளே கிருமி வளர்ந்திருந்தது. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது அடியில் வெள்ளைப் படிவு சுழன்று எழுந்தது.

மலையில் பருப்பு வேக நேரமாகும் என்பது ஏற்காட்டில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். அங்கே சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. வெளியே காற்றழுத்தம் குறைவு என்பதால், அளவுமானி 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி வராது, 118 டிகிரி அளவில்தான் நிற்கும். ஈ.கோலை அதிலேயே செத்துவிடும். மண்ணிலிருந்து வரும் பாக்டீரியாக்களின் கெட்டியான ஸ்போர்கள் (உறங்குநிலை வித்துகள்) தப்பிவிடும். அதனால் அங்கே முள்ளை நம்பாமல் வெப்பமானியைப் பாருங்கள். அழுத்தத்தை ஏற்ற முடியாத கருவி என்றால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். பாதுகாப்பு வால்வில் மட்டும் கை வைக்காதீர்கள். கழிவுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினால் நீராவி உள்ளே போகாது, அதையும் கவனியுங்கள். பையின் மேல் ஒட்டும், சூட்டில் நிறம் மாறும் டேப் கறுத்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். மேற்பரப்பில் சூடு பட்டது என்பதைத்தான் அது சொல்லும், பைக்கு நடுவே என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் முதல் நாள் வேலை செய்துகொண்டிருந்தபோது வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கையுறையோடு எடுத்து "சொல்லுங்கம்மா" என்று கன்னத்தில் வைத்துவிட்டாள். பாக்டீரியா ஒன்றும் செய்யாது, ஆனால் பழக்கம் கையில் தங்கிவிடும். நாளை அவள் வேறொரு ஆய்வகத்தில் வேறொரு கிருமியோடு நிற்பாள். அன்று முதல் போன்கள் வாசலில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. ஆய்வகக் குளிர்பெட்டியிலிருந்து சாப்பாட்டு டப்பாக்களும் வெளியேறிவிட்டன.

போன வாரம் உயிரியல் பாதுகாப்புக் குழுவுக்கான விண்ணப்பத்தைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். "ஓடையில் ஊற்றிப் பார்த்தல்" என்ற வரியை அந்தப் பெண்ணே அடித்துவிட்டு, பக்கத்தில் "ஓடையிலிருந்து அரை லிட்டர், மூடிய பாட்டிலில்" என்று நீல மையில் எழுதியிருந்தாள்.