ஐயா காலத்து வண்டிக்கு பூஸ்டர் வேண்டுமா?

காரைக்குடியில் என் பட்டறைக்கு வரும் பழைய கார்கள் பெரும்பாலும் பெரிய வீட்டு ஷெட்டில் பல வருஷம் நின்றவை. கல்யாணம், படைப்பு என்று குடும்பம் ஊரில் கூடும்போது அதை எடுத்து ஓட்ட ஆசை வரும். கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு மார்க் 2 அம்பாசிடரும் அப்படித்தான். இறங்கியதுமே கேட்டார்கள்: "அண்ணே, பிரேக் கட்டையா இருக்கு. பவர் பிரேக் போட்டுடலாமா?" பூஸ்டர் மாட்டிய பிரேக்கைத்தான் பவர் பிரேக் என்கிறார்கள்.

நான் முதலில் வீலைக் கழற்றினேன். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில், ஓரத்தில் துரு. பிஸ்டன் அசையவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வண்டி ஷெட்டில் நின்றாலும் இழுக்கும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறேன். பெடல் கட்டையாக இருந்ததற்கு அந்தப் பிஸ்டன்தான் காரணம். அதை அப்படியே விட்டு பூஸ்டர் போட்டிருந்தால் நோய் உள்ளேயே இருந்திருக்கும்.

பூஸ்டர் உங்கள் காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும், அவ்வளவுதான். ஷூவின் மேல் உரசிப் பிடிக்கும் லைனரில் எண்ணெய் பட்டிருந்தாலோ, வீலோடு சுற்றும் டிரம் கோணலாகத் தேய்ந்திருந்தாலோ அதனால் ஒன்றும் ஆகாது. அந்த உதவியும் இன்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வேக்கத்திலிருந்துதான், அதாவது வெற்றிடத்திலிருந்துதான் வருகிறது. பெட்ரோல் வண்டியில் அது தானாகக் கிடைக்கும். டீசலில் தனியாக வேக்கம் பம்ப் வேண்டும்.

இதைக் கவனிக்காததால் வந்த வினையை நேரில் பார்த்தேன். தேவகோட்டை வண்டி ஒன்று. பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் வைத்திருந்தார்கள். வேறொரு இடத்தில் பூஸ்டர் மாட்டி, அதன் ஹோஸை இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் செருகியிருந்தார்கள். அங்கே வேக்கம் ஏது? குன்றக்குடி ரோட்டில் மாடு குறுக்கே வர, ஓட்டியவர் இரண்டு காலாலும் மிதித்திருக்கிறார். நல்லவேளை, மாடு நகர்ந்துவிட்டது. பெடலை மிதித்ததும் ஆயிலை வீலுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பூஸ்டரோடு பெரிய துளை உள்ள மாஸ்டர் சிலிண்டரையும் போட்டிருந்ததால், வேக்கம் இல்லாதபோது பெடல் பழையதைவிடக் கல்லாகிவிட்டது. பின்னால் வேக்கம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் போட்ட பிறகுதான் சரியானது.

உங்கள் வண்டியில் பூஸ்டர் இருந்தால் இப்படிப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

அப்படியானால் பூஸ்டரே வேண்டாமா? முன்பக்கம் டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் மாற்றுகிறீர்கள் என்றால் நானே போடச் சொல்வேன். டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளே இழுத்துப் பிடிக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, கூடுதல் அழுத்தம் தேவை. ஓட்டுபவருக்கு முழங்கால் வலி என்றாலும் போடலாம். நான்கு பக்கமும் டிரம், வருஷத்துக்கு நாலு தடவை பிள்ளையார்பட்டி வரை போகும் வண்டி என்றால், சீராக இருக்கும் சாதா பிரேக்கே போதும்.

அந்தக் காசை டேண்டம் மாஸ்டர் சிலிண்டருக்குச் செலவழியுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். பழைய வண்டியில் நான்கு வீலுக்கும் ஒரே ஆயில் லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். டேண்டத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் லைன் தனித்தனி. ஒன்று போனாலும் மற்றது கொஞ்சமாவது பிடிக்கும்.

கானாடுகாத்தான் வண்டிக்கு அதைத்தான் செய்தோம். வீல் சிலிண்டர், ஹோஸ், லைனர் எல்லாம் புதுசு. பூஸ்டர் இல்லை. லைனில் இருந்த ஏரை எடுத்து முடித்ததும் வீட்டு ஆச்சி, "தம்பி, இதை என் மருமகதான் ஓட்டப்போறா, அவளுக்கு மிதிக்க வருமா?" என்றார்கள். மருமகளை உட்காரவைத்துப் பார்த்தேன். கால் முழுசாக நீண்டு, நுனி விரல்தான் பெடலில் பட்டது. அப்படி உட்கார்ந்தால் யாருக்குமே பலம் வராது. சீட்டை இரண்டு பல் முன்னால் தள்ளிவிட்டேன். பள்ளத்தூர் வரை போய்த் திரும்பி வந்தார்கள். "இப்ப பிடிக்குதுண்ணே" என்று சாவியை ஆச்சியிடம் கொடுத்தார்கள்.