நின்ற இன்ஜினில் அளந்த இடைவெளியை நம்பாதீர்கள்

சொந்தமாகக் குழாய்ச் சேஸிஸ் அடித்துக் கார் கட்டுபவர்களுக்குப் பழைய மாருதி ஆம்னியின் 796 சிசி இன்ஜின் நல்ல தேர்வு. நீளவாக்கில் உட்காரும், பின்சக்கரத்தை இழுக்கும், கியர்பாக்ஸும், அதிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டும் கூடவே கிடைத்துவிடும். பொருத்தி முடித்ததும் எல்லாப் பக்கமும் விரல் நுழைகிறது, சைலன்சர் பைப் எதிலும் படவில்லை என்று திருப்தியாக பானட்டை மூடிவிடுகிறார்கள். முதல் ஓட்டத்திலேயே மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த்தொகுப்பு) சேஸிஸில் இடிக்கிறது, இல்லையென்றால் பிரேக் பைப் சுடுகிறது. அளந்தபோது இன்ஜின் குளிர்ந்து, அசையாமல் நின்றிருந்தது. ஓடும்போது அது வேறு இடத்தில் இருக்கும்.

ரப்பர் மவுண்டில் (இன்ஜினைத் தாங்கும் பிடிப்பு) உட்கார்ந்த இன்ஜின் 10 முதல் 15 மி.மீ வரை தாராளமாகச் சாயும். பெரும்பாலான இன்ஜின்களில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இடப்பக்கம் மேலே எழும், வலப்பக்கம் கீழே அமுங்கும். நீளவாக்கு இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டை. அந்தக் கட்டையைத் திருப்பும் விசை, ஷாஃப்டுக்குப் போகும் விசைக்குச் சமம். முதல் கியரில் அது இன்ஜினின் முறுக்கு விசையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். ஆகவே சாய்வு அதிகமாவது முதல் கியரில்தான், வேகமாகப் போகும்போது அல்ல. ரிவர்ஸில் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பும். முன்னால் ஓட்டி மட்டும் பார்த்துவிட்டு விட்ட வண்டி, பின்னால் எடுக்கும்போது இடிப்பது இதனால்தான்.

சோதிக்க எண்ணெய்க் களிமண் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்பதே சரி. மதுரைப் பக்கம் விளாச்சேரிப் பொம்மைக்கு எடுக்கும் ஈரக் களிமண் காய்ந்து சுருங்கிவிடும், அளவு தப்பாகும். இடம் குறைவாகத் தெரியும் ஒவ்வோர் இடத்திலும் உருண்டையாக ஒட்டுங்கள். நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு ஒரு கணம் பிடியுங்கள். பிறகு ரிவர்ஸில் அதையே செய்யுங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. நசுங்கிய களிமண்ணில் மிஞ்சிய தடிமன்தான் உண்மையான இடைவெளி. சூடு ஏறினால் களிமண் இளகும் என்பதால் இதைக் குளிர்ந்த இன்ஜினில் செய்யுங்கள். மிச்சம் 10 மி.மீக்குக் குறைந்தால் அந்த இடத்தில் வேலை பாக்கி இருக்கிறது. அசையாத நிலையில் 25 மி.மீ விட்டிருந்தால் பெரும்பாலும் தேறும்.

சூட்டுக்குத் தனியாக இடம் விட வேண்டும். ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மி.மீ நீளும், 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 7 மி.மீ. இரு முனையையும் இறுக்கிப் பிடித்தால் அந்த நீளம் பக்கவாட்டில் வளைந்து எதிலாவது போய் முட்டும், அல்லது மேனிஃபோல்டைக் குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்சில் வெல்டிங் பிளக்கும். மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் குழாய்க்கு அடுத்தே 100 முதல் 150 மி.மீ நீளத்தில், வளைந்துகொடுக்கும் பின்னல் ஃபிளெக்ஸ் பைப் வையுங்கள். அதற்குப் பின்னால் எல்லாத் தொங்கலும் ரப்பரில் இருக்கட்டும். ஃபிளெக்ஸுக்கு முன்னால் உள்ள குழாயைச் சேஸிஸில் கட்டவே கூடாது. அது இன்ஜினோடு ஆட வேண்டிய பகுதி.

இடம் போதவில்லை என்றால் முதலில் பலர் கையில் எடுப்பது கிரைண்டரை. சேஸிஸ் குழாயில் பள்ளம் வெட்டுவது, ஸ்டியரிங் ஷாஃப்டை உரசித் தேய்ப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். முதலில் மவுண்ட் பிராக்கெட்டைப் பாருங்கள். அதை மாற்றும்போது ஷாஃப்ட் கோணம் கெடும். முன் மவுண்டுக்கும் கியர்பாக்ஸ் மவுண்டுக்கும் நடுவே 700 மி.மீ இருந்தால், ஒரு முனையை 12 மி.மீ தூக்கினாலே ஒரு டிகிரி மாறிவிடும். கியர்பாக்ஸ் வெளிமுனையும் டிஃபரன்ஷியல் பினியனும் (பின் ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரத் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்ட் அதிரும், அதன் முனையில் உள்ள கிராஸ் மூட்டு சீக்கிரம் போகும். இரண்டு முனையையும் ஒரே அளவு தூக்கினால் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது சைலன்சர் குழாயைத் தட்டையாக்குவது. இதற்கு ஏனோ பயப்படுகிறார்கள். 38 மி.மீ குழாயைச் சீராக 25 மி.மீ தடிமனுக்கு அமுக்கினால் 13 மி.மீ இடம் கிடைக்கிறது. சுற்றளவு மாறாததால் உள்பரப்பு சுமார் 12 சதவீதம்தான் குறையும். சிறு நீளத்துக்கு அது பெரிய இழப்பில்லை. சுத்தியலால் அடித்துக் குழி விழ வைத்தால்தான் கெடுதல். இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்பை வெட்டிக் குட்டையாக்குவது கடைசி வழி. எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய்க்கும் சம்ப் அடிக்கும் நடுவே 6 முதல் 10 மி.மீ விட வேண்டும். எண்ணெயின் கொள்ளளவு குறைவதால், திருப்பத்தில் எண்ணெய் ஒதுங்கிப் பேரிங் காயும் ஆபத்தும் கூடவே வரும்.

பிரேக் பைப், பெட்ரோல் பைப் இரண்டையும் சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோவதே சிறந்தது. வழியே இல்லையென்றால் 100 மி.மீ தள்ளியிருக்கட்டும். 50 மி.மீ வரை நெருங்க வேண்டுமானால் நடுவில் 1 மி.மீ அலுமினியத் தகடு, இரு பக்கமும் காற்று போக 10 மி.மீ. தகட்டைப் பைப்பிலேயே ஒட்டினால் பயன் இல்லை. ஈரம் ஏறிய டாட் 3 பிரேக் ஆயில் 140 டிகிரியில் கொதிக்கத் தொடங்கும், அப்போது பெடல் தரைவரை போய்விடும். ஃபைபர் பாடி 100 டிகிரிக்கு முன்பே இளகும். வீட்டு வயரிங்கில் போடும் சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்குத்தான் செய்தது, அதை இன்ஜின் பக்கம் கொண்டுவராதீர்கள். சைலன்சர் குழாயில் துணி சுற்றுவதென்றால் கண்ணாடி இழைத் துணி வாங்குங்கள், ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றிய துணி ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்புக் குழாயை அரித்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இப்படிக் கட்டிய காரைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126 கேட்கும் முன்மாதிரி வண்டிச் சோதனை ஒற்றை வண்டி கட்டுபவருக்கு எட்டாது. கல்லூரி வளாகம், போட்டிக்களம், சொந்தத் தோப்பு, அவ்வளவுதான். தோப்பிலும் வெப்பத்தை லேசாக எண்ண வேண்டாம். சோழவந்தான் பக்கத் தென்னந்தோப்பில் மெதுவாக ஊரும்போது காற்று அடிக்காது, கீழே காய்ந்த ஓலையும் சருகும் கிடக்கும். சைலன்சர் தரையிலிருந்து 150 மி.மீயாவது உயர்ந்திருக்கட்டும், அடியில் தகடும் இருக்கட்டும். வண்டியைச் சருகு மேல் நிறுத்தாதீர்கள். கையில் தீயணைப்பான் இல்லாமல் முதல் ஓட்டம் வேண்டாம்.

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இன்ஜினை அணைத்ததும் போய்விடாதீர்கள். ஃபேனும் காற்றும் நின்றபின் பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். பத்து நிமிடம் கழித்து வெப்பமானித் துப்பாக்கியால் பிரேக் பைப், ஒயர், ஃபைபர் மூன்றையும் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். ஆறியபின் மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி இறுக்கி, உரசிப் பளபளக்கும் இடம் எங்காவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.