டிடி ஊசி மருந்து செல்லுக்குள் போய் என்ன ஆகிறது?

குறுவைக்கு மேட்டூர் திறந்து நடவு தொடங்கிவிட்டால், சேற்றில் முள் குத்தியது, அரிவாள் பட்டது என்று டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசிக்கு வருபவர்களும் கூடுவார்கள். மன்னார்குடிப் பக்கத்து வாசகர் கேட்கிறார்: "ஊசியில் இருப்பது புரதம்தானே? உடம்பு அதைச் செரித்துவிட்டால் பாதுகாப்பு எங்கிருந்து வரும்?"

செரிப்பதால்தான் வருகிறது. (காயத்தில் சாணி அப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டெட்டனஸ் கிருமியின் வித்துகள் சாணியிலும் இருக்கும்.)

உடம்பின் காவல் செல்களில் ஒன்றான டென்ட்ரைட்டிக் செல், ஊசியில் உள்ள நஞ்சு முறிக்கப்பட்ட டெட்டனஸ் புரதத்தை விழுங்குகிறது. புரதம் எண்டோசோம் என்ற சவ்வுப் பைக்குள் போகிறது. பையில் அமிலம் ஏற ஏற நொதிகள் அதை நறுக்குகின்றன. எம்எச்சி 2 என்ற மூலக்கூறு ஒரு துண்டை ஏந்திப்போய், நோய் எதிர்ப்பை முடுக்கிவிடும் டி செல்லுக்குக் காட்டுகிறது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிதான். புதிதாகப் பிறக்கும் எம்எச்சி 2-இல் துண்டு உட்காரும் பள்ளம் காலியாக இருப்பதில்லை. மடையில் மண்ணும் வைக்கோலும் திணித்ததுபோல, இன்வேரியன்ட் செயின் என்ற வேறொரு புரதம் அதை அடைத்திருக்கும். அதன் வால் சவ்வைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். எம்எச்சி 2-ஐ எண்டோசோமுக்குக் கூட்டிவருவதும் அந்த வால்தான், வெளியேற விடாமல் பிடித்துவைப்பதும் அதுதான். நொதிகள் இந்தச் சங்கிலியைப் படிப்படியாகக் கத்தரிக்கின்றன. கடைசி வெட்டு கத்தெப்சின் எஸ் என்ற நொதி போடுவது. அத்தோடு வால் கழன்றுவிடும், பள்ளத்தில் கிளிப் என்ற சிறு துண்டு மட்டும் மிஞ்சும். எச்எல்ஏ-டிஎம் என்ற இன்னொரு புரதம் அதையும் உருவிவிட, டெட்டனஸ் துண்டு வந்து உட்காரும்.

கத்தெப்சின் எஸ்-ஐ முடக்கினால் பாதி வெட்டுப்பட்ட சங்கிலி தேங்கி, எம்எச்சி 2 உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஆய்வகத்தில் இன்வேரியன்ட் செயினை அளவுக்கு மீறிச் சுரக்க வைத்தபோது எண்டோசோம்களே ஊதிப் பெருத்தன. வெட்டுகிற வேகம் பையின் உருவத்தையும் மாற்றுகிறது என்பதுதான் இதில் வியப்பு. கிருமி வந்த சேதி தெரிந்து டென்ட்ரைட்டிக் செல் உஷாரானதும், உருண்டையாக இருந்த பைகள் குழாய் குழாயாக நீண்டு செல்லின் விளிம்பை நோக்கி ஓடுவதையும் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள்.

டெட்டனஸ் புரதத்தில் முதல் வெட்டு ஏஇபி என்ற நொதியுடையது என்று 1998-இல் தெரியவந்தது. பெரும்பாலும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அடுத்துத்தான் அது வெட்டும். இதன் உறவுக்கார நொதிகளைப் பயறு வகை விதைகளில் அதற்கு முன்பே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். தாளடி அறுப்புக்கு முன் நாம் தெளிக்கிற உளுந்தும் அந்தக் குடும்பம்தான். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறார்களே, பயறு விதையைக் குடைந்தவர்கள் அதில் டெட்டனஸ் என்று எழுதியிருக்கவே முடியாது.